இரண்டாவது இடுப்பெலும்பு

சம்பந்தி வீட்டார் ஐந்து பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஐந்து பேருக்கு ஓர் ஆடு தாராளம்.

விடிந்து வெகுநேரம் ஆகவில்லை. ஓமுர்பெக் வந்து என் கதவைத் தட்டினான். கையில் கயிறு, கயிற்றில் ஆடு, ஆட்டுக்குப் பின்னால் அவன் அண்ணன் ஜுமாதில்.

"கெரிம் அண்ணே, ஆட்ட நீங்க பாத்துக்கோங்க. அண்ணன அண்ணி பாத்துக்கட்டும்" என்றான்.

நாலு நாளைக்கு முன்பே பேசி வைத்ததுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். அதன் மேல் ஒரு பலகை. அக்டோபர் கடைசி. வாய்க்கால் ஓரத்தில் பனிக்கட்டி விளிம்பு கட்டியிருந்தது. ஜுமாதில் பலகையில் காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்துக் கடந்து வந்தான். என் மனைவி காலிபா அடுப்புக்குப் பக்கத்தில் அவனுக்கு முக்காலி போட்டாள். அவன் உட்காரவில்லை. சட்டியை எட்டிப் பார்த்தான்.

"முட்டைய யாரு அவிச்சது?"

"நான்தான்" என்றாள் காலிபா.

"ஓட்ட ஒடச்சியா?"

"ஒடைக்கல."

அதற்குப் பிறகு உட்கார்ந்தான்.

ஓமுர்பெக்கின் மகள் அக்மராலுக்கு அன்று தோடு போட வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் காதில் தோடு போடுவாள். பிறகு வால்கொழுப்பும் ஈரலும் கலந்து ஒரு தட்டில் வரும். இரண்டு வீட்டாரும் ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டுவார்கள். அதைத் தின்ற பிறகு பேச்சு மாறக் கூடாது. அதுவரை மாறலாம்.

பெண் கேட்டு வந்தபோது அவர்கள் ஏழு தலைமுறை விசாரித்திருந்தார்கள். குடித்துக் கெட்டவன் உண்டா, திருடி ஜெயிலுக்குப் போனவன் உண்டா, புத்தி பிசகியவன் உண்டா. கடைசிக் கேள்விக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்கள். ஓமுர்பெக் மூன்றுக்கும் இல்லை என்றான். தானே வீட்டுக்கு மூத்தவன் என்றும் சொல்லிவிட்டான். அது பொய்யில்லை என்பது அவன் வாதம். மூத்தவன் செய்ய வேண்டியதையெல்லாம் யார் செய்கிறார்கள் என்று என்னைத் திருப்பிக் கேட்டான்.

நான் பழைய கூட்டுப்பண்ணையில் கால்நடை மருத்துவருக்கு உதவியாளாக இருந்தவன். ஊரில் ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். செவிலிப் பெண் வாரத்தில் இரண்டு நாள் வருவாள். ஜுமாதில் அவளை அருகில் விடமாட்டான். அதனால் மாதம் ஒரு ஊசி நான் போடுகிறேன். அன்றைக்கே தலையையும் மழித்துவிடுவேன். ஆட்டுக்குப் போட்ட கை, வலிக்காது என்று ஒருமுறை சொன்னேன். "ஆடு வந்து சொல்லிச்சா?" என்று கேட்டான்.

அவனுக்கு இது வந்து பத்தொன்பது வருஷம். அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. கணவாய் வழியாக லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் லாரியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். என்ஜின் தன்னைப் பற்றிப் பேசுகிறது என்றான். இரண்டாம் வருஷம் அவன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போனாள். திரும்பவில்லை. அவன் தம்பி மனைவி சைராகுல் அப்போது சிறுபிள்ளைக்காரி. அவள்தான் பார்க்கிறாள். வருஷத்தில் இரண்டு முறை மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் மூன்று வாரம். மற்ற நாற்பத்தாறு வாரமும் சைராகுல்.

அவன் என்ன தின்பான் என்பது எனக்கு நீண்ட நாள் புதிராக இருந்தது. ரொட்டியை வீசுவான். கஞ்சியை நாய்க்கு ஊற்றுவான். முட்டையைத் தின்பான். தோலோடு அவித்த உருளைக்கிழங்கைத் தின்பான். கறி என்றால் எலும்போடு. அதிலும் ஆடு அறுக்கும் நாளில் இடுப்பெலும்பு ஒன்றுதான். பானையிலிருந்து முதலில் அதை எடுத்து, அவனுடைய நீல எனாமல் தட்டில் வைத்து, மூடி போட்டு, மூடியோடு கொடுக்க வேண்டும். முறை பிசகினால் மூன்று நாள் பட்டினி. மூன்றாம் நாள் கணவாய்ப் பக்கம் நடக்க ஆரம்பிப்பான்.

ஒருமுறை மழித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். ஏன் இப்படி?

"மாவுல என்ன வேணா கலக்கலாம். கஞ்சியில கலக்கலாம். முட்டைக்குள்ள எப்படிக் கலப்பே? எலும்புக்குள்ள எப்படிக் கலப்பே?"

அன்றிலிருந்து எனக்கு அவன் மேல் ஒரு மரியாதை. அவன் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க ரொம்ப நாள் முயன்றேன்.

ஆட்டை அவர்கள் முற்றத்தில் அறுத்தோம். ஓமுர்பெக் கால்களைப் பிடித்தான். காற்று கணவாயிலிருந்து வந்தது. தோலை உரிக்கும்போது கைக்குச் சூடாக இருந்தது, அதனால் மெதுவாக உரித்தேன். எங்களிடம் கோடாலி போடும் வழக்கம் கிடையாது. மூட்டைத் தேடிக் கத்தியை விட வேண்டும். மூட்டு தானாகத் திறக்கும். எலும்பு முறிந்து போனால் அது யாருக்கு என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு ஆள் உண்டு. வயதுக்கும் உறவுக்கும் தக்கபடி. இடுப்பெலும்பு இரண்டு. ஒன்று வந்தவர்களில் மூத்தவருக்கு. இன்னொன்று அவருக்கு அடுத்தவருக்கு. கல்லூரியில் படித்தவனே இதில் தப்புச் செய்தாலும் மறக்கமாட்டார்கள்.

சைராகுல் வாய்க்காலில் குடலைக் கழுவினாள். தண்ணீர் அவ்வளவு குளிர். அவள் விரல்கள் பீட்ரூட் நிறத்தில் இருந்தன. அக்மரால் வெந்நீர்க் கெட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவள் அம்மா அதைத் தொடவில்லை. வெந்நீரில் கழுவினால் வாடை போகாது என்றாள்.

பிறகு பானையில் கறியை அடுக்கினோம். எரு வறட்டி எரிந்தது. நுரை வர வர சைராகுல் கரண்டியால் எடுத்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினாள். மாப்பிள்ளைப் பையன் பெயர் மிர்லான், நகரத்துக் கல்லூரியில் அக்மராலோடு படித்தவன், மின்சார வேலை தெரிந்தவன், ஒரே பையன் என்றாள். பிறகு வாய்க்கால் பக்கம் பார்த்தாள்.

"மூத்தவரு சாப்ட்டாரா அண்ணே?"

புருஷனின் அண்ணன் பெயரை எங்கள் பெண்கள் சொல்வதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் ஒருமுறைகூட ஜுமாதில் என்று சொல்லிக் கேட்டதில்லை.

"நாலு முட்டை."

"உரிச்சுக் குடுத்துறப் போறாங்க. அண்ணிகிட்ட சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

அவள் அம்மா வீட்டில் தங்கை கல்யாணம் நடந்தபோது அவள் போகவில்லை. அப்பா செத்தபோது மண் போட்டுவிட்டுச் சாயங்காலமே திரும்பினாள். பத்தொன்பது வருஷத்தில் ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. இதை அவள் சொல்லவில்லை. ஊருக்குத் தெரியும்.

கார் மதியத்துக்கு வந்தது. ஐந்து பேர். மாப்பிள்ளையின் பெரியப்பா சாத்திபால்தி, எழுபது தாண்டியவர், வெள்ளைக் கம்பளித் தொப்பி. மாப்பிள்ளையின் அப்பா. அம்மா புரூல், கனத்த பெண், இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஓர் அத்தை. கார் ஓட்டி வந்த உறவுக்காரன். மாப்பிள்ளை இதற்கெல்லாம் வருவதில்லை.

தேநீர், எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டு, பாலாடை, செர்ரிப் பழப் பாகு. ரோடு எப்படி, வைக்கோல் எவ்வளவு, உங்கள் பக்கம் பனி விழுந்ததா. சாத்திபால்தி ஒருமுறை வெளியே போய்விட்டு அடுப்பறை வழியாகத் திரும்பி வந்தார். அங்கே நானும் சைராகுலும் கறியை எடுத்துக்கொண்டிருந்தோம்.

அங்கேதான் அது நடந்தது. நடக்கும்போது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

நான் முள்கரண்டியைப் பானைக்குள் விட்டேன். முதலில் இடுப்பெலும்பு மாட்டியது. தூக்கினேன். சைராகுல் நீலத் தட்டை நீட்டினாள். வைத்தேன். மூடினாள். அடுப்புக்கு மேல் பலகையில் வைத்தாள். எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் ஆட்டைப் பிரிக்கிறேன். ஒவ்வொரு முறையும் தட்டு நீளும், நான் வைப்பேன். அன்றும் நீண்டது, வைத்தேன்.

ஓமுர்பெக் மேலிடத்தில் உட்கார்ந்திருந்தான். அண்ணன் உட்கார வேண்டிய இடம். நான் பெரிய தட்டத்தோடு உள்ளே போய் மண்டியிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். சாத்திபால்திக்கு இடுப்பெலும்பு. சம்பந்திக்கு இன்னொரு இடுப்பெலும்பை எடுக்கக் கையை விட்டேன். கை தட்டத்தைச் சுற்றி வந்தது. தொடையெலும்பு இருந்தது. விலா இருந்தது. தோள்பட்டை இருந்தது.

தொடையெலும்பைக் கொடுத்தேன். சம்பந்தி வாங்கிக்கொண்டார். புரூலுக்கு வால்பக்கத்து எலும்பு, பெண்களுக்கு உரிய மரியாதை. அவள் கத்தியைத் தொடவில்லை. மடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, எலும்பை அப்படியே வைத்து, நாலு முனையும் முடிந்தாள். விருந்தில் மிஞ்சியதைப் பையில் கட்டிக்கொண்டு போவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் எல்லோரும் கொஞ்சம் தின்றுவிட்டுக் கட்டுவார்கள். அதுவும் பிளாஸ்டிக் பையில். இது எனக்கு விநோதமாகப் பட்டது. அப்போது அதைப் பற்றி யோசிக்க எனக்கு நேரம் இல்லை.

சாத்திபால்தி தட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இந்த ஆட்டுக்கு ஒரு பக்கம்தான் இடுப்பா?"

உறவுக்காரன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"நாய் தூக்கிட்டுப் போயிருச்சுங்க" என்றான் ஓமுர்பெக்.

"மூடி போட்ட தட்டுலயா?" என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் மாதிரிதான் கேட்டார்.

ஓமுர்பெக் கழுத்து சிவந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் கதவருகே நின்ற சைராகுல் பேசினாள்.

"நாய் இல்லீங்கய்யா. அது இந்த வீட்டு மூத்தவரோடது."

"மூத்தவரு இவருன்னு சொன்னாங்களே."

"இவரு ரெண்டாவது."

அறையில் கத்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"உசுரோட இருக்காரா?"

"இருக்காரு. பக்கத்து வீட்ல. உடம்பு சரியில்ல."

"என்ன உடம்பு?"

சைராகுல் தலைத்துணியைத் தொட்டாள். நெற்றிக்குப் பக்கத்தில். "பத்தொம்பது வருசமா" என்றாள்.

அந்த வீட்டில் அப்போது ஒருவரும் எழுந்து போகவில்லை. அதுவே பெரிது என்று நினைத்தேன். சாத்திபால்தி தன் தட்டிலிருந்த எலும்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறிப் போறதுக்குள்ள கொண்டு போயிக் குடும்மா. அவரு தின்னட்டும். அப்புறம் நாங்க தின்றோம்."

சைராகுல் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் போனேன், தட்டை நீட்டியபோது எலும்பை வைத்தவன் நான் என்பதால். பலகையைத் தாண்டும்போது பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். புரூல் வந்துகொண்டிருந்தாள். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்றாள். வெளியே வாய்க்கால் உறைந்துகொண்டிருந்தது.

ஜுமாதில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முட்டை ஓடுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்திருந்தான். தட்டு வந்தது. மூடியைத் தொட்டுப் பார்த்தான்.

"யாரு முதல்ல எடுத்தது?"

"கெரிம் அண்ணன் எடுத்தாரு. நான் வாங்கினேன்."

"நடுவுல?"

"நடுவுல யாரும் இல்ல."

மூடியைத் திறந்தான். கத்தியை வாங்கிச் சீவித் தின்ன ஆரம்பித்தான். புரூலை ஒருமுறை பார்த்தான். பார்க்காதது போலத் தின்றான்.

புரூல் வாசற்படியில் உட்கார்ந்தாள். காலிபா கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். கேள்வி கேட்டாள். எலும்பு மட்டும்தானா? ஏன்? மாத்திரை எப்படி? மாத்திரை வேண்டாம் என்று ஊசிக்கு மாறினோம் என்றாள் சைராகுல். ஊசி போட்டால் நாக்கு தடிக்குமா? தடிக்கும், அதற்கு ஒரு மாத்திரை உண்டு, அதை உருளைக்கிழங்குக்குள் வைக்க முடியாது, கண்டுபிடித்துவிடுவார். பிறகு? கையில் காட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். ஒளித்துக் கொடுத்தால்தான் வாங்கமாட்டார்.

ஒளித்துக் கொடுத்தால்தான் வாங்கமாட்டார் என்று புரூல் தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"கதவத் தாழ் போடுவீங்களா?"

"முதல்ல போட்டோம். மூணாம் வருசம் ஒருநாள் குதிரைத் தளையில கட்டினோம். இவரு தம்பிதான் கட்டினாரு. கட்டிட்டு வெளிய போயி வாந்தி எடுத்தாரு. அதுக்கப்புறம் இல்ல."

ஜுமாதில் கணுக்காலை உள்ளே இழுத்துக்கொண்டான். சீவுவதை நிறுத்தவில்லை.

"தாழ் போடலன்னா போயிருவாங்களே."

"போவாரு. வருவாரு. வரலன்னா தேடிப் போவோம்."

"தல சீவ விடுவாங்களா? எனக்குச் சீவவே முடியல. சீப்பப் பாத்தாலே கத்தல்."

சைராகுல் நிமிர்ந்தாள். ஜுமாதிலின் தலை போன வாரம் நான் மழித்தது. அடுப்பு வெளிச்சத்தில் மின்னியது.

"இவருக்கு எங்க முடி இருக்கு?" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "யாரு? பொண்ணா?"

புரூல் தேநீரைக் கீழே வைத்தாள். மடியிலிருந்த துணி முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மூத்தவ. சினார். இருபத்தாறு வயசு. என் தங்கச்சிய உக்கார வெச்சுட்டு வந்திருக்கேன். கதவு வெளிய தாழ்."

காலிபா என்னைப் பார்த்தாள். ஒரே பையன் என்று சொன்னார்கள். அதுவும் பொய்யில்லை.

சைராகுல் சிரித்தாள். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். ரெண்டு வீட்டிலும் ஏழு தலைமுறை விசாரித்தோமே என்றாள். புரூலுக்கும் சிரிப்பு வந்தது, முதுகு வலியால் பாதியில் நின்றது. அவர்கள் சிரிப்பதை ஜுமாதில் கவனமாகப் பார்த்தான். தன்னைப் பற்றி இல்லை என்று முடிவு செய்திருக்க வேண்டும், திரும்பவும் எலும்புக்குப் போனான்.

பிறகு சைராகுலின் சிரிப்பு நின்றது. எது ஞாபகம் வந்தது என்று எனக்குத் தெரியும். என்னாலும் அதைத் தவிர வேறொன்றும் நினைக்க முடியவில்லை.

"அப்ப நீங்க மருமக கேட்டு வரல. ஆள் கேட்டு வந்திருக்கீங்க."

"அப்படிச் சொல்லாதீங்க சம்பந்தி."

"எப்படிச் சொல்ல?"

புரூல் இடுப்பில் கையை ஊன்றினாள். "என் முதுகு போயிருச்சு. அவளத் தூக்கிக் குளிப்பாட்ட முடியல. வீட்டுக்கு ஒரு பொண்ணு வந்தா நல்லாருக்கும்னு நெனச்சேன். நெனைக்கலன்னு சொன்னா பொய்."

"நான் அந்த வீட்டுக்கு மருமகளா வந்தப்ப இவரு நல்லா இருந்தாரு" என்றாள் சைராகுல். "எனக்குத் தெரிஞ்சு வரல. தெரிஞ்சிருந்தா வந்திருப்பேனான்னு பத்தொம்பது வருசமா யோசிக்கிறேன். இன்னும் தெரியல."

பலகை ஆடியது. அக்மரால் வந்தாள். தோடு போடுவதற்காக வெள்ளைத் தலைத்துணி கட்டி, காதில் ஒன்றும் இல்லாமல். உள்ளே அப்பா தேடுகிறார் என்றாள். இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்தாள்.

"சினார் அக்கா பத்திச் சொல்லிட்டாங்களா?"

சைராகுல் திரும்பி மகளைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்மா. மிர்லான் சொன்னான், போன வசந்தத்துல. நான் பெரியப்பா பத்திச் சொன்னேன், அவன் அக்கா பத்திச் சொன்னான். நீங்க ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒளிச்சு வெக்கிறீங்கன்னு தெரியும். சொன்னா பயந்து நிறுத்திருவீங்கன்னு விட்டுட்டோம்."

"தெரிஞ்சுதான் போறியா?"

"தெரிஞ்சுதான்."

"தெரியறது வேற, செய்யறது வேற." சைராகுல் எழுந்து முழங்காலைத் தட்டினாள். "நீ இதுல வளந்தவ. உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். உங்க பையன் செய்வானா சம்பந்தி? அவன் அக்காவுக்கு அவன் ஒரு வாய் ஊட்டியிருக்கானா?"

"அவன் ஆம்பளப் பையன்" என்றாள் புரூல்.

"எங்க வீட்லயும் ஒரு ஆம்பள இருக்காரு. கொடுத்தா திம்பாரு" என்றாள் சைராகுல். ஜுமாதிலைச் சொல்லவில்லை. புருஷனைச் சொன்னாள்.

தோடு அன்று போடவில்லை. சைராகுல் பலகையைத் தாண்டித் தன் அடுப்பறைக்குப் போய் வால்கொழுப்பும் ஈரலும் இருந்த தட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். பிறகு பெரிய அறை வாசலில் நின்று சொன்னாள். உங்கள் பையனை அனுப்புங்கள். பத்து நாள் இங்கே தங்கட்டும். மூத்தவருக்குத் தட்டு வைக்கப் பழகட்டும். அவன் வைத்து இவர் தின்றால், அன்றைக்குத் தோட்டைக் கொண்டு வாருங்கள்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். இப்படி ஒரு நிபந்தனை எங்கேயாவது கேட்டதுண்டா என்று அத்தை கேட்டாள். சாத்திபால்தி தன் எலும்பை அப்போதுதான் சீவத் தொடங்கியிருந்தார். கேட்டதில்லை, அதனால் அவன் வருவானா மாட்டானா என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது என்றார். கறியை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

கார் போன பிறகு ஓமுர்பெக் விறகு பிளந்தான். தேவைக்கு மேல் பிளந்தான். நான் ஆட்டுத்தோலுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் கோடாலியைக் கட்டையில் பதித்துவிட்டு, பொதுவாகச் சொன்னான்.

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் எனக்கு அண்ணன் இல்லாம இருக்கக் கூடாதா?"

சைராகுல் அவனுக்குத் தேநீர் கொண்டுவந்து கட்டையின் மேல் வைத்தாள். பிறகு ஓமுர்பெக்தான் பலகையைத் தாண்டிப் போய் அண்ணனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தான்.

மிர்லான் செவ்வாய்க்கிழமை வந்தான். ஒல்லியான பையன், முதுகில் பை. அக்மராலை அன்று காலையே அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்குவது எங்கள் ஊருக்குப் புதிது. தண்ணீருக்குப் போகும் பெண்கள் வேலிப் பக்கம் நின்றார்கள். "பரிசம் குடுக்க வக்கில்லாம வேலைக்கு வந்துட்டானா?" என்று ஒருத்தி கேட்டாள். "இல்லக்கா, மாமியாரக் கட்டிக்கப் போறான்" என்றாள் இன்னொருத்தி. அவன் காது சிவந்துபோய்ச் சாணம் அள்ளினான்.

முதல் நாள் மரியாதைக்கு உருளைக்கிழங்கை உரித்துக் கொடுத்தான். ஜுமாதில் இரண்டு நாள் ஒன்றும் தின்னவில்லை. சைராகுல் தலையிடவில்லை. அடுப்பறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நகரமாட்டாள். மூன்றாம் நாள் காலையில் ஜுமாதில் கணவாய்ப் பாதையில் நடக்கத் தொடங்கினான். பனி தூறியது. மிர்லான் பின்னால் போனான். நெருங்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை, முப்பதடி தள்ளியே நடந்தான். யார் அப்படிச் சொல்லிக் கொடுத்தது என்று பிறகு கேட்டேன். யாரும் இல்லை, கூப்பிட்டால் சினார் ஓடுவாள் என்றான். மதியம் இருவரும் திரும்பினார்கள், அதே முப்பதடியோடு. மிர்லான் பையில் ஓடு உடைக்காத அவித்த முட்டை இரண்டு இருந்தன. வாசலில் வைத்துவிட்டு விலகி நின்றான். ஜுமாதில் இரண்டையும் தின்றான்.

பத்தாம் நாள் ஓமுர்பெக் ஆடு பிடித்தான். என்னைக் கூப்பிட்டான்.

கறி வெந்தது. சைராகுல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். முள்கரண்டியைப் பானைக்குள் விட்டேன். இடுப்பெலும்பு வந்தது. மிர்லான் நீலத் தட்டை நீட்டினான். வைத்தேன். அவன் மூடும்போது மூடி சத்தம் போட்டது. ஜுமாதில் கதவு நிலையில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு முதல்ல எடுத்தது?"

"கெரிம் அண்ணன் எடுத்தாரு. நான் வாங்கினேன்."

"நடுவுல?"

"நடுவுல யாரும் இல்ல."

ஜுமாதில் மேலிடத்தில் போய் உட்கார்ந்தான். மூடியைத் திறந்தான். கத்தியால் ஒரு துண்டு சீவினான். தன் வாய்க்குக் கொண்டு போகவில்லை. கத்தி முனையிலேயே அதை மிர்லான் பக்கம் நீட்டினான்.

இடுப்பெலும்பு வாங்கிய மூத்தவர் முதல் துண்டைச் சின்னவனுக்குக் கொடுப்பது முறை. ஜுமாதில் பத்தொன்பது வருஷமாக யாருக்கும் ஒரு துண்டு கொடுத்ததில்லை. முறைக்காகக் கொடுத்தானா, விஷம் இருக்கிறதா என்று பார்க்கக் கொடுத்தானா? அவன் முகத்தைப் பார்த்தேன். அடுத்த மாதம் தலை மழிக்கும்போது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மிர்லானும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். சைராகுலைப் பார்த்தான்.

"எதுக்குக் குடுத்தா என்ன, தின்னு தம்பி" என்றாள்.

தின்றான். ஜுமாதில் அது அவன் தொண்டையில் இறங்குவதைப் பார்த்தான். பிறகு தானும் தின்றான்.

சைராகுல் அடுப்பறைக்கு வந்து முகத்தைக் கழுவினாள். தலைத்துணியால் துடைத்துவிட்டு ஓமுர்பெக்கின் போனை வாங்கினாள். போனைச் சத்தமாக வைத்தாள், அந்தப் பக்கம் பேசுவது அவளுக்குச் சரியாகக் காதில் விழாது.

"சம்பந்தி, அடுத்த வியாழக்கிழம வாங்க. தோட்ட எடுத்துக்கிட்டு வாங்க."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே வைக்கும் சத்தம். ஒரு பெண் உள்ளே எங்கேயோ கத்திக்கொண்டிருந்தாள்.

"எத்தன பேருன்னு இந்தத் தடவ சரியாச் சொல்லுங்க. கெரிம் அண்ணன் ஆட்டப் பிரிக்கணும்."

கத்தல் நின்று, மறுபடி தொடங்கியது.

"ஆறு பேரு" என்றாள் புரூல்.